சவ்வு எதைத் தடுக்கும், எதை விடும்? – வாசகர் கேள்வி பதில்

குடிநீர், ஆர்.ஓ. (தண்ணீரை அழுத்தி, உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே வடிக்கும் முறை), சவ்வு ஆராய்ச்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களிலிருந்தும், பக்கத்து ஆரணியிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், தண்ணீர்க் கவலையில் பழைய வடாற்காடு இன்னும் ஒரே மாவட்டமாகத்தான் இருக்கிறது. நான் வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப்பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடிநீருக்கான சவ்வுகள்தான் என் ஆராய்ச்சி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். 28 காட்டுகிறது. "இதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது" என்கிறார் சர்வீஸ்காரர். "அந்தச் சக்கைத் தண்ணீரைக் குடித்துத்தான் உனக்கு மூட்டு வலி" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. யாரை நம்புவது?
– இல்லத்தரசி, குடியாத்தம்

இரண்டு பேருமே அந்த ஒரு எண்ணை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் அம்மா.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. அதைக் காட்டும் பேனா மாதிரி மீட்டருக்கு முனையில் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும், பாருங்கள். அது அளப்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பது. கரைந்த உப்பு அதிகமானால் மின்சாரம் அதிகமாகப் போகும். அதை ஒரு எண்ணால் பெருக்கி, "லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்" என்று திரையில் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த உப்பு சுண்ணாம்பா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தாலும் தெரியாது. பூச்சிமருந்து கலந்திருந்தாலும் தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அதில் டி.டி.எஸ். 500 வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை அனுமதி. தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மீட்டரில் எண் ஒன்று கூடுவதற்கு வேண்டிய அளவில் இருபதில் ஒரு பங்குதான் அது. ஃபுளூரைடுக்கு 1.0, வேறு வழியில்லாத இடத்தில் 1.5. ஆக, 28 என்று காட்டும் தண்ணீரில் சாக்கடை நீர் கொஞ்சம் கசிந்திருந்தாலும் மீட்டர் 30 என்று காட்டிவிட்டுப் போய்விடும். 450 காட்டும் நல்ல கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள்.

மூட்டு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி நமக்கு உணவிலிருந்துதான் வருகிறது: கேழ்வரகு, பால், தயிர், கீரை. தண்ணீரிலிருந்து கிடைப்பது அதற்கு மேல் கொஞ்சம்.

என் யோசனை இதுதான். உங்கள் தெருக் குழாயில் மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால், குடிப்பதற்கு அதைப் பிடித்துக் கொதிக்க வைத்தாலே போதும். ஆர்.ஓ. தேவையில்லை. டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியையே தடைசெய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. காரணம், கருவி வீணாக்கும் தண்ணீர். போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால், மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆய்வகத்தில் பரிசோதனை செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், அலசக் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் ஆர்.ஓ. தண்ணீர் மிக மெதுவாக நிரம்புகிறது. மெம்பரேன் போய்விட்டதா?
– வாசகர், காட்பாடி

போகவில்லை. குளிர்ந்த தண்ணீருக்குப் பிசுபிசுப்பு அதிகம். மெம்பரேன் என்கிற சவ்வு வழியே மெதுவாகத்தான் போகும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்பது எங்கள் கணக்கு. மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் 35 டிகிரி, தை மாத விடியலில் 20 டிகிரி என்றால், வரத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடும். மாசி பிறந்ததும் சரியாகிவிடும். பொங்கல் நேரத்தில் மெம்பரேனை மாற்றச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், மத்தியானம் வெயில் ஏறிய பிறகு ஒரு குடம் பிடித்து நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சவ்வு என்பது துணியா, பிளாஸ்டிக்கா? உங்கள் ஆய்வகத்தில் அதை எப்படிச் செய்கிறீர்கள்? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? கடையில்தான் ரெடிமேடாகக் கிடைக்கிறதே!
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாலாஜாபேட்டை

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆர்.ஓ. சவ்வு மூன்று அடுக்கு. அடியில் பாலியெஸ்டர் துணி, பலத்துக்கு. அதன்மேல் பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, துளைகள் நிறைந்த அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே பாலியமைடு என்ற மிக மெல்லிய தோல். உப்பைத் தடுக்கும் வேலை முழுவதும் அந்தத் தோலுடையது. அதன் தடிமன் 100, 200 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறு. மற்ற இரண்டு அடுக்கும் அதைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே.

எங்கள் ஆய்வகத்தில் பாலிசல்ஃபோன் மணிகளை ஒரு கரைப்பானில் போட்டு, வெதுவெதுப்பான சூட்டில் இரவெல்லாம் கலக்கவிடுவோம். காலையில் வெல்லப்பாகு பதத்தில், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். குமிழி அடங்கும் வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒவ்வொரு குமிழியும் சவ்வில் ஓர் ஓட்டையாகிவிடும். அப்புறம் ஒரு கண்ணாடித் தகட்டில் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, பாகை ஊற்றி, எஃகுக் கத்தியால் ஒரே சீராக இழுப்போம். கத்திக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இழுத்த கையோடு தகட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். அந்த நேரத்தில் எத்தனையோ மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தெளிவாக இருந்த படலம் ஓரத்திலிருந்து பால் வெள்ளையாக மாறிக்கொண்டே வரும்; சில விநாடிகளில் தகடு முழுக்க வெள்ளை. கரைப்பான் தண்ணீருக்குள் ஓட, தண்ணீர் அது இருந்த இடத்துக்குள் நுழைய, பிளாஸ்டிக் துளைதுளையாக உறைந்துவிடுகிறது. தொட்டித் தண்ணீரின் சூடு மாறினால் துளையும் மாறும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. அந்த மாதங்களில் தொட்டிக்கு ஐஸ் போடாமல் எங்களுக்கு வேலை நடக்காது.

அந்த வெள்ளை அடுக்கின்மேல் இரண்டு ரசாயனங்களை அடுத்தடுத்து ஊற்றுவோம். ஒன்று தண்ணீரில் கரைந்தது, மற்றது ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைந்தது. தண்ணீரும் ஹெக்சேனும் ஒட்டாது. அவை தொடும் எல்லையில் மட்டும் வினை நடந்து, ஒரு நிமிடத்துக்குள் பாலியமைடுத் தோல் உருவாகிவிடும். தோல் வளர வளர அதுவே இரண்டு ரசாயனத்துக்கும் நடுவில் சுவராகி, வினையைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அதனால்தான் அது அவ்வளவு மெல்லியது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த இரட்டை ரசாயன முறையை 1970-களில் அமெரிக்காவில் முழுமையாக்கியவர் ஜான் கடோட். அதற்கு முன்னால், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட்டில் முதல் பயனுள்ள ஆர்.ஓ. சவ்வைச் செய்தார்கள். 1965-இல் கோலிங்கா என்ற சின்ன ஊரில் அந்தச் சவ்வால் உப்பு நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. கடல்நீரும் இல்லாமல் ஆறும் இல்லாமல் உவர்க் கிணற்றை நம்பியிருந்த ஊர் அது. நம் ஊர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோலிங்காதான் நினைவுக்கு வரும்.

எதற்கு இன்னும் ஆராய்ச்சி என்கிறீர்கள். கடையில் கிடைக்கும் ஆர்.ஓ. சவ்வு உப்பு எல்லாவற்றையும் தடுக்கும், ஏறக்குறைய பாகுபாடே இல்லாமல். நம் பக்கத்துக் கிணறுகளுக்கு அது பல சமயம் தேவைக்கு அதிகம். 900 டி.டி.எஸ். உள்ள தண்ணீரில் சாப்பாட்டு உப்பு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். ஃபுளூரைடு மட்டும் 3-இலிருந்து 1-க்குக் கீழே வர வேண்டும், கடினத்தன்மை பாதியாக வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு நானோ வடிகட்டல் என்று சற்றுத் தளர்ந்த சவ்வு இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம், சல்ஃபேட் ஆகியவற்றை நன்றாகத் தடுக்கும்; சாப்பாட்டு உப்பில் ஒரு பகுதியை விட்டுவிடும். ஃபுளூரைடு அயனி குளோரைடைவிடச் சின்னது. ஆனால் அது தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சவ்வின் வாசலில் குளோரைடைவிடப் பெரிய ஆளாக வந்து நிற்கிறது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில், குறைந்த கழிவுநீரோடு ஃபுளூரைடைத் தடுக்கும் சவ்வு செய்வதுதான் என் குழுவின் வேலை. தடுப்பு கூடினால் வரத்து குறைகிறது. வரத்தைக் கூட்டினால் தடுப்பு நழுவுகிறது. உலகத்தில் சவ்வு செய்யும் எல்லோரும் இந்த இழுபறியில்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வருடம் வரும் என்று சொல்லிக் கொடுத்த மெம்பரேன், எங்கள் வீட்டில் எட்டு ஒன்பது மாதத்தில் போய்விடுகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், வாணியம்பாடி

உங்களுக்கு மட்டும் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் வீட்டில் கழற்றிப் போட்ட மெம்பரேனை ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தோம். நீங்களும் பார்த்தால் காரணம் புரியும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டு மெம்பரேன் ஒரு அடி நீளமுள்ள உருளை. வெளியே ஒட்டியிருக்கும் டேப்பைக் கிழித்தால், நடுக்குழாயைச் சுற்றிப் பாய் போலச் சுருட்டிய சவ்வு அவிழும்; விரித்தால் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் இருக்கும். சவ்வுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வலை. தண்ணீர் நுழைகிற முனையில் வலையின் கண்களில் பழுப்பு நிறக் கொழகொழப்பு அப்பியிருந்தது. விரலால் வழித்தால் பாசிக் குளத்து வாடை. கார்பன் ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்றாததால் அதில் வளர்ந்த கிருமிக் கூட்டம் மெம்பரேனில் குடியேறியிருந்தது. கழிவு வெளியேறுகிற மறுமுனையில் கொழகொழப்பு இல்லை. அங்கே ரவை தூவியது மாதிரி வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் கரகரவென்றது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பெரும்பகுதி நுரைத்துக் கரைந்தது. அது சுண்ணாம்பு. அமிலத்துக்கும் மசியாமல் ஒரு மங்கலான ஏடு மிஞ்சியது. அது சிலிக்கா.

நம் நிலம் கருங்கல் பாறை. போர் ஆழம் போகப்போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரைத்தான் இழுக்கிறோம்; சுண்ணாம்போடு சிலிக்காவும் வரும். அது நுழைவு முனையில் கரைந்தே இருக்கும். நல்ல தண்ணீர் சவ்வுக்கு அந்தப் பக்கம் போகப்போக, மிச்சத் தண்ணீர் கெட்டியாகிறது. நாலில் ஒரு பங்கை நல்ல தண்ணீராக எடுத்தால், கழிவில் உப்பு ஒன்றே கால் மடங்குக்குச் சற்று அதிகம். பாதியை எடுத்தால் இரண்டு மடங்கு. முக்கால் பங்கை எடுத்தால் நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் தாங்காமல் படிந்துவிடும்.

இங்கேதான் பல வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் கழிவுக் குழாயை மடக்கிக் கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் அதில் உள்ள கட்டுப்படுத்தியை மாற்றிவிடுகிறார்கள். கழிவு குறையும், மெம்பரேன் வெள்ளை பூத்துச் செத்துப்போகும். உங்கள் கருவியில் அதை முதலில் பாருங்கள். மண்ணைப் பிடிக்கும் செடிமெண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கடினத்தன்மை அதிகம் என்றால் படிவைத் தடுக்கும் மருந்து உருண்டை போட்ட குப்பியை மெம்பரேனுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். வெளியூர் போய்த் திரும்பினால் முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பாலியமைடுத் தோலுக்குக் குளோரின் ஆகாது. அந்தத் தோலையே அரித்துவிடும். கார்பன் ஃபில்டர் முன்னால் இருப்பதற்கு முக்கியக் காரணமே நகராட்சித் தண்ணீரில் வரும் குளோரினைப் பிடிப்பதுதான். மாடித் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் ஆர்.ஓ.வை அணைத்துவிடுங்கள்.

தோல் தொழிற்சாலைகளால் எங்கள் பகுதிக் கிணறுகள் கெட்டன என்று பாட்டி சொல்வார். போர் தண்ணீரில் குரோமியம் இருந்தால் ஆர்.ஓ. அதை எடுத்துவிடுமா?
– கல்லூரி மாணவி, ஆம்பூர்

ஆர்.ஓ. சவ்வு சரியாக இருக்கும்வரை குரோமியத்தின் பெரும்பகுதியைத் தடுக்கும். அது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமானாலும் சரி, அதைவிடக் கொடிய ஆறு இணைதிறன் குரோமியமானாலும் சரி. ஆனால் "சரியாக இருக்கும்வரை" என்பதை யார் பார்ப்பது? முதல் கேள்விக்கே சொன்னேன், மீட்டருக்கு அது தெரியாது. சவ்வில் சின்னக் கிழிசல் விழுந்து டி.டி.எஸ். 40-இலிருந்து 90 ஆனால், 90 நல்ல எண்தான் என்று குடித்துக்கொண்டிருப்போம். குரோமியம் இருக்கிறது என்று ஆய்வக அறிக்கை சொன்ன கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள், வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும். காவிரித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, அந்தக் கிணற்றைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

பாட்டி சொன்னதற்கு உச்ச நீதிமன்றப் பதிவே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே அறிவித்தது. இன்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பு பாலாற்றங்கரைக் கிணறுகளிலிருந்து பிறந்தது.

அதற்குப் பிறகு தோல் பதனிடும் கழிவுநீரையே ஆர்.ஓ. சவ்வு வழியாக அனுப்பி, தண்ணீரை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நம் பகுதிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வந்தது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது விதி. சவ்வு ஆராய்ச்சியாளன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்பைத் தேய்த்துத்தான் கொண்டுவருகிறார்கள். அந்த உப்பு முதல் அலசலிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். சவ்வு தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. உப்பு கழிவுப் பக்கம் தங்கிவிடுகிறது. அதைக் காய்ச்சி ஆவியாக்கினால், கடைசியில் பலவகை உப்பு கலந்த குவியல் மிஞ்சும். அது சமையலுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. கொட்டகைகளில் மூடி வைத்துக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. மழையில் கரைந்தால் மறுபடி பாலாறுதான். அந்தக் கலவையிலிருந்து சோடியம் குளோரைடைத் தனியாகவும், சோடியம் சல்ஃபேட்டைத் தனியாகவும் பிரித்து விற்கும் அளவுக்குச் சுத்தமாக எடுக்க முடிந்தால்தான் இந்தக் கணக்கு முடியும். அதற்கும் நானோ வடிகட்டல் சவ்வு உதவும்: சல்ஃபேட்டைத் தடுத்து, குளோரைடை விடும். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வேதியியலோ பொறியியலோ என்றால், ஆம்பூரில் இருந்துகொண்டு செய்வதற்கு இதைவிட நல்ல ஆராய்ச்சித் தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள், பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். ஊராட்சி ஆர்.ஓ. நிலையம் வந்தும் மாற்றம் இல்லை.
– விவசாயி, திருப்பத்தூர் அருகே

பல்லில் இப்படிக் கறை படியத் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு காரணமாக இருக்கலாம். உடனடியாக அதற்குச் சோதனை செய்யுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளூரைடு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியதென்றால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே ஃபுளூரைடுப் பாதிப்பைத் தடுப்பது ஒரு நோக்கம். பாறை தருமபுரி எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

ஆர்.ஓ. நிலையம் வந்தும் பயன் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். ஒன்று, முளைத்துவிட்ட பல்லின் கறை மறையாது. பல் உள்ளே உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் அடையாளம் அது. இப்போது கைக்குழந்தையாக இருப்பவர்களுக்குத்தான் நல்ல தண்ணீரின் பலன் தெரியும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரை முதலில் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும், அப்புறம் அங்கன்வாடிச் சமையலுக்கும் கொடுங்கள். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், சோறும் பருப்பும் வேகப் போர் தண்ணீர் என்றால் ஃபுளூரைடு சோற்றோடு உள்ளே போகும்.

இரண்டாவது, கருவியில் உள்ள டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு. "தண்ணீர் சப்பென்று இருக்கிறது" என்று மக்கள் சொன்னதும், அதைத் திருகிச் சுவை கூட்டுவார்கள். அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது தெரியுமா? சவ்வைத் தொடாத போர் தண்ணீரை நல்ல தண்ணீரில் கலந்துவிடுவதிலிருந்து. அதோடு ஃபுளூரைடும் திரும்ப வந்துவிடும். உங்கள் நிலையத்தில் அந்தத் திருகு இருந்தால் முழுக்க மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு குழாயிலிருந்து வரும் தண்ணீரையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மின்சாரம் இல்லாத வழியும் உண்டு. கிளர்வூட்டிய அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடு மணிகளை நிரப்பிய வடிகட்டி ஃபுளூரைடைப் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது ரசாயனத்தால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறை நாக்பூர் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் தந்தது. செலவு குறைவு, ஆனால் அளவு தவறினால் அலுமினியம் மிஞ்சும். பயிற்சி பெற்ற ஒருவர் தினமும் பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகி, கணியம்பாடி

போர் தண்ணீர் டி.டி.எஸ். 1500, நாலில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், கழிவு ஏறக்குறைய 2000. வீடு துடைக்க, கழிப்பறைக்கு, வண்டி கழுவ, துணியின் முதல் அலசலுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தென்னை தாங்கும். தொட்டிச் செடிகளுக்கு நாள்தோறும் ஊற்றினால் மண் உவராகிவிடும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மழை கொண்டுவந்து சேர்த்த நல்ல தண்ணீரில் நாமே உப்பைக் கலப்பதாகும். ஃபுளூரைடு உள்ள ஊரில் ஆடு மாடுகளுக்கும் வைக்கக் கூடாது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் கிணறு கலங்கிப்போனது, மின்சாரமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஃபில்டர் உதவும்?
– வாசகர், பள்ளிகொண்டா

அப்போது எதிரி கிருமிதான். உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மீநுண் வடிகட்டல் சவ்வு, கடைகளில் யு.எஃப். என்பார்கள், அதன் துளை ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். பாக்டீரியா அரை மைக்ரானுக்கு மேல் இருப்பதால் நுழைய முடியாது. உயரத்தில் வைத்த வாளியின் அழுத்தமே போதும். மின்சாரம் வேண்டாம், கழிவும் மிகக் குறைவு. மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டரின் மேல் பாலிசல்ஃபோன் சவ்வைப் பூசி, இதே நோக்கத்தில் ஒரு வீட்டு வடிகட்டியை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது.

வைரஸ் விஷயத்தில் மட்டும் கவனம். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஒரு மைக்ரானில் நூறில் மூன்று பங்குதான் இருக்கும், எல்லா யு.எஃப். சவ்வும் அதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் பற்றி நம் சி.எம்.சி. மருத்துவமனையில் பல்லாண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, போடத் தவறாதீர்கள். வெள்ளக் காலத்தில் கலங்கல் தண்ணீரைத் துணியில் வடித்து, யு.எஃப். வழியாக விட்டு, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டு, இறைத்துக் கொட்டிய பிறகே பழையபடி பயன்படுத்த வேண்டும்.

கேன் தண்ணீர் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.
– கடைக்காரர், ஆரணி

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத கேனை இறக்காதீர்கள். இறக்கியதை வெயிலில் அடுக்காதீர்கள்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். தண்ணீர் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. என்ன படிக்க வேண்டும்? உங்கள் ஆய்வகத்தைப் பார்க்கலாமா?
– மாணவர், சோளிங்கர்

தாராளமாக, தம்பி. வேதிப்பொறியியல், வேதியியல், சிவில் என்று எந்த வழியாகவும் வரலாம். என் குழுவில் மூன்று வழியாக வந்தவர்களும் இருக்கிறார்கள். குஜராத்தின் பாவ்நகரில் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, இந்தியாவில் ஆர்.ஓ. சவ்வுகளைச் சொந்தமாகச் செய்வதில் பல்லாண்டு உழைத்த இடம். பின்னாளில் அங்கேயும் போகலாம். இப்போதைக்குப் பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் பாடத்தை ஊன்றிப் படியுங்கள். இரண்டு பக்கமும் உப்பின் அளவு வேறாக இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், அதைத் திருப்பி அனுப்ப எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்புக்கு ஏறக்குறைய முக்கால் வளிமண்டல அழுத்தம் வரும். கடல் நீருக்குப் போட்டால் 25-க்கு மேல் வரும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய பம்புகள் என்று உங்களுக்கே புரியும்.

வேலை நாளில் ஆசிரியரோடு வாருங்கள். இந்த இதழின் அலுவலகத்துக்கு எழுதினால் நாள் குறித்துத் தருவார்கள். வரும்போது உங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன மாதிரி பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். நீங்களே ஒரு சவ்வை இழுத்து, அதில் அந்தத் தண்ணீரை வடிகட்டி, முன்னும் பின்னும் சோதித்து, முடிவை எழுதி எடுத்துக்கொண்டு போகலாம்.